கயிற்றைப் பிடித்திருப்பவர் யார்?

ஆடி பிறந்துவிட்டால் அளவெட்டியில் பூட்டிக் கிடக்கும் வீடுகளின் படலைகள் ஒவ்வொன்றாகத் திறந்துகொள்ளும். நல்லூர்த் திருவிழாவை ஒட்டி ரொறன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் பாரிசிலிருந்தும் குடும்பங்கள் வந்திறங்கும். முன்பு இவர்கள் விசாரிப்பவை பெரும்பாலும் ஒரேமாதிரியானவை. எந்தக் கோயிலில் என்றைக்குத் தேர், யார் வீட்டில் நல்ல கறுத்தக்கொழும்பான் மாம்பழம் கிடைக்கும், காணி உறுதி யாரிடம் இருக்கிறது. அண்மைக் காலமாக அவற்றோடு புதிய கேள்வியொன்றும் சேர்ந்துள்ளது. "பிள்ளைகள் திருகோணமலையில் ஸ்கூபா செய்ய ஆசைப்படுகிறார்கள். யாரை நம்பி விடலாம்?"

பத்திரிகையில் இருந்தவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்ற நம்பிக்கையில் என்னிடமும் கேட்கிறார்கள். ஆனால் நான் வாய் திறப்பதற்கு முன்பே மாமாவோ சித்தப்பாவோ விடை சொல்லிவிடுவார். "அங்கை எனக்குத் தெரிஞ்ச பெடியன் ஒருத்தன் இருக்கிறான். நான் ஒரு சொல்லுச் சொன்னால் விலையும் குறைப்பான்." விசாரணை அத்துடன் முடிந்துவிடும். காற்றுக் கலத்தை முதுகில் கட்டிக்கொண்டு கடலடிக்குப் போகப்போகும் பிள்ளையைப் பற்றி நடந்த முழு ஆலோசனையும் அவ்வளவுதான். கலியாணத்துக்குப் பந்தல் போடுகிறவரைக்கூட இதைவிட அதிக நேரம் விசாரித்துப் பிடிப்போம்.

இதற்கு ஊரவரை மட்டும் குறைசொல்ல முடியாது. அளவெட்டி செம்மண்ணும் தோட்டக் கிணறுமாக வாழ்ந்த ஊர். நாதஸ்வரமும் தவிலும் அதன் அடையாளங்கள். கடல் சில கிலோமீற்றர் வடக்கே இருந்தபோதும், எங்களுக்கு நீந்தத் தெரிந்ததெல்லாம் கிணற்றிலும் கீரிமலைக் கேணியிலுந்தான். கடலை அறிந்தவர்கள் மயிலிட்டியிலும் மாதகலிலும் இருந்தார்கள். காற்று எந்தப் பக்கம் திரும்பும், எந்த வள்ளத்தில் ஏறலாம், எதில் ஏறக்கூடாது என்பதை அவர்களிடம் கேட்டு அறியலாம். 1990 இல் வலிகாமம் வடக்கின் கரையோர மக்கள் இடம்பெயர்ந்தபோது அந்தத் தொடர்பும் அறுந்தது. மயிலிட்டித் துறைமுகம் மக்களிடம் திரும்பி வந்தது 2017 இல்தான். இடையில் ஒரு தலைமுறை கடலைப் பாராமலே வளர்ந்துவிட்டது. அந்தத் தலைமுறையின் பிள்ளைகள்தாம் இன்று வெளிநாட்டிலிருந்து வந்து நிலாவெளியில் குதிக்க விரும்புகிறார்கள். ஆசை நியாயமானது. ஆளைத் தெரிந்தெடுக்கும் அறிவுதான் கைமாறி வரவில்லை.

அந்த அறிவு எங்கள் மக்களிடம் ஒருகாலத்தில் இருந்தது. மன்னார்க் குடாவில் அரிப்பு, சிலாவத்துறைப் பக்கத்தில் நடந்த முத்துக்குளிப்பை எண்ணிப் பாருங்கள். காலில் கல்லைக் கட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி, ஒரு கயிற்றின் துணையோடு கீழே போனவர்கள் அந்தச் சுழியோடிகள். கீழே இருப்பவன் கயிற்றை அசைத்தால் மேலே இருப்பவன் இழுக்கவேண்டும். சற்றே பிந்தினாலும் உயிர் போய்விடும். அந்தக் கயிற்றை மைத்துனனின் கையில்தான் கொடுப்பார்கள் என்று கரையோரங்களில் இன்றும் சொல்வார்கள். உடன்பிறந்தானுக்குப் பங்குச் சொத்தில் கண் இருக்கலாம். மைத்துனனுக்கோ தன் சகோதரி தாலியறுக்கக் கூடாது என்ற கவலை இருக்கும். எல்லா வள்ளங்களிலும் அப்படித்தான் நடந்ததா என்று நான் வாதாட வரவில்லை. அந்தப் பேச்சில் உள்ள கணக்குத்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நீ மூழ்கினால் யாருக்கு நட்டமோ அவனிடம் கயிற்றைக் கொடு என்பதே அந்தக் கணக்கு. பழக்கமானவன், நல்லவன், நம் ஊரவன் என்ற தகுதிகள் அதில் இடம்பெறவில்லை.

ஸ்கூபாவில் கயிறு இல்லை. கீழே போகிறவருக்கும் மேலே இருப்பவர்களுக்கும் இடையில் இருப்பதெல்லாம் பயிற்றுநரின் கவனமும் கலத்திலுள்ள காற்றும் வள்ளத்தின் ஒழுங்குமே. ஆகவே "எந்த நிறுவனம் நல்லது" என்று கேட்பதற்கு முன்னால், எனக்கு ஏதாவது நேர்ந்தால் இவர் எதை இழப்பார் என்று கேட்டுப் பார்க்கவேண்டும். ஆண்டுதோறும் அதே கரையில் கடை திறப்பவர், தன் பெயரில் பயிற்றுநர் தகுதி பெற்று அதை ஆண்டுதோறும் புதுப்பிப்பவர், காப்புறுதி வைத்திருப்பவர் ஆகியோருக்கு இழக்க நிறைய உண்டு. ஹோட்டல் வாசலில் நின்று ஆள் பிடித்துக் கொடுத்துத் தரகு வாங்குகிறவருக்கு எதுவும் இல்லை. மாமாவுக்குத் தெரிந்த பெடியன் எந்த வகை என்பதை மாமாவே விசாரித்தறிந்திருக்க மாட்டார்.

கடலடியில் உடம்புக்கு என்ன நேர்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 10 மீற்றர் ஆழத்தில் அமுக்கம் மேற்பரப்பில் உள்ளதைப் போல இருமடங்கு. அந்த ஆழத்தில் நெஞ்சு நிறைய மூச்செடுத்து, அதை அடக்கிக்கொண்டு ஒருவர் மேலே வந்தால் நுரையீரலிலுள்ள காற்று இருமடங்காக விரிய முற்படும். நுரையீரல் கிழிந்துபோகும். அதற்கு 10 மீற்றர்கூட வேண்டியதில்லை. நிறைந்த நுரையீரலோடு ஒன்றிரண்டு மீற்றர் எழும்பினாலே போதும். பயந்துபோன ஒரு பிள்ளை செய்யும் முதற்காரியம் மூச்சை அடக்கிக்கொண்டு மேலே பாய்வதுதான். ஆகவே ஆழமில்லாத இடம் ஆபத்தில்லாத இடம் என்பது தவறு. மற்றது நைதரசன். ஆழத்தில் இருக்கும்போது அது குருதியிலும் இழையங்களிலும் கரைந்து சேரும். விரைவாக மேலே வந்தால், சோடாப் போத்தலின் மூடியைத் திறந்ததுபோல் உடம்புக்குள்ளேயே குமிழிகளாகும். மூட்டு வலியில் தொடங்கி இடுப்புக்குக் கீழே உணர்விழப்பது வரை அதன் விளைவுகள் பல. சங்குக்கும் கடலட்டைக்கும் ஒரே நாளில் பல கலங்களை வெறுமையாக்கி இறங்கியேறும் எங்கள் கரையோரச் சுழியோடிகளிடம் கேட்டால், இந்த நோயைப் பாடநூல் இல்லாமலே விளக்குவார்கள். அவர்களில் சிலர் கைத்தடியோடு வந்து விளக்குவார்கள்.

இனி, சந்தையைப் பார்ப்போம். உல்லாசப் பயணியாக வருகிறவர் நிலாவெளியிலோ உப்புவெளியிலோ இரண்டு மூன்று இடங்களில் விலை கேட்பார். ஓரிடத்தில் நீண்ட மருத்துவப் படிவமொன்றை நீட்டுவார்கள். ஆஸ்துமா உண்டா, நீரிழிவு உண்டா, இதய நோய் உண்டா, அண்மையில் சத்திரசிகிச்சை நடந்ததா, என்னென்ன மாத்திரை எடுக்கிறீர்கள் என்று பட்டியல் நீளும். ஒன்றுக்கு "ஆம்" என்று எழுதிவிட்டால், வைத்தியரின் கடிதம் இல்லாமல் கடலுக்கு இல்லை என்பார்கள். அடுத்த கடையில் ஒரு கையெழுத்தோடு காரியம் முடியும். எங்கள் ஆட்கள் எங்கே போகிறார்கள் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை. முதற் கடைக்காரர் கரைச்சல் பிடித்தவர் என்று ஊர் திரும்பியதும் பழியும் சொல்வார்கள். எனக்கு இங்கேதான் கோபம் வருகிறது. கவனமானவரைத் தண்டித்துக் கவனமற்றவருக்குக் காசு கொடுக்கிறோம். இது பத்துப் பருவம் நடந்தால் கரையில் எந்த வகைக் கடை எஞ்சும்? பிறகு விபத்தொன்று நடந்துவிட்டால், "இந்த நாட்டில் ஒழுங்கே இல்லை" என்று விமானத்தில் ஏறி இருந்துகொண்டு எழுதுவோம்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். படிவத்தில் எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று கோடு போடும் பழக்கம் எங்களிடம் உண்டு. பெண் பார்க்கும் இடத்தில் நோயை மறைக்கிற அதே பழக்கம். கனடாவில் பிள்ளையின் பள்ளிக்கூடப் பையிலே ஆஸ்துமா மருந்தை வைத்து அனுப்பும் தாய், நிலாவெளியில் அந்தக் கட்டத்தில் "இல்லை" என்று எழுதினால், உலகின் மிகச் சிறந்த பயிற்றுநராலும் அந்தப் பிள்ளையைக் காக்க இயலாது.

ஆகவே என்னிடம் கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது, மறுக்கத் தெரிந்தவரைத் தேடுங்கள் என்பதே. அதைச் சோதித்துப் பார்க்க எளிய வழியும் உண்டு. கிழக்குக் கரையில் இரண்டு பெரிய கவர்ச்சிகள் இருக்கின்றன. ஒன்று, மட்டக்களப்புக் கடலில் கிடக்கும் ஹேர்மஸ். 1942 ஏப்பிரல் 9 ஆம் நாள் யப்பானிய விமானங்கள் குண்டு வீசி மூழ்கடித்த பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் அது. 307 பேர் அதனோடு மாண்டார்கள். அது கிடப்பது 50 மீற்றருக்கும் கூடிய ஆழத்தில். பொழுதுபோக்குச் சுழியோட்டத்துக்கு உலகெங்கும் ஏற்றுக்கொள்ளப்பட்ட எல்லை 40 மீற்றர். அடிப்படைப் பயிற்சி முடித்தவருக்கு 18 மீற்றர். முதன்முதலாக முயன்று பார்ப்பவருக்கு 12 மீற்றர். நான்கைந்து தடவை மாத்திரம் சுழியோடிய ஒருவர் "ஹேர்மஸைப் பார்க்க முடியுமா" என்று கேட்கட்டும். சிரித்துவிட்டு, "முடியாது, இன்னும் நிறையப் பயிற்சி வேண்டும்" என்கிறவரிடம் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காருங்கள். "பார்க்கலாம், கொஞ்சம் கூடச் செலவாகும்" என்கிறவரிடமிருந்து அப்போதே எழுந்துவிடுங்கள்.

மற்றது எங்கள் மனத்துக்கு நெருக்கமானது. கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலையின் அடிவாரக் கடல். 17 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய கோயிலின் எச்சங்கள் அங்கே கிடக்கின்றன. ஆர்தர் சி. கிளார்க்கின் தோழர் மைக் வில்சன் 1956 இல் அங்கே சுழியோடி ஒரு சிவலிங்கத்தை மீட்டார். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த எவருக்கும் அங்கே இறங்கிப் பார்க்கும் ஆசை எழும். ஆனால் அது செங்குத்தான பாறையின் அடி. அலை மோதித் திரும்பும் இடம். பக்தியை மூலதனமாக்கி எந்த நாளும், எந்த ஆளையும் அங்கே கூட்டிப்போக ஆயத்தமாய் இருப்பவரை நான் நம்பமாட்டேன். முதன்முறை இறங்குகிறவர்களுக்குப் புறாத்தீவின் ஓரங்கள் போதும். நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர். 2003 முதல் தேசியப் பூங்கா. முருகைக் கற்களும் மீன்களும் ஆழம் குறைந்த நீரிலேயே தெரியும்.

நட்சத்திரம் போட்டு இணையத்தில் எழுதப்படும் புகழுரைகளை நான் பெரிதாக எடுப்பதில்லை. ஆமை பார்த்தோம், பையன்கள் நல்ல பகிடி, மத்தியானச் சாப்பாடு அருமை என்று எழுதுகிறவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் கலத்தில் அடைத்த காற்றைப் பற்றி அவர்களுக்கு எதுவும் தெரிந்திருக்காது. நூறு பயணங்கள் கவனக்குறைவோடு நடந்தாலும் தொண்ணூற்றொன்பது நல்லபடியாகவே முடியும். அந்தத் தொண்ணூற்றொன்பது பேருந்தான் நட்சத்திரம் போடுகிறார்கள்.

வெள்ளைக்காரர் நடத்துகிற இடம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறவர்களும் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு 1998 ஜனவரி 25 ஆம் நாளை நினைவூட்டவேண்டும். அவுஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத் தொடரில் தொம், ஐலீன் லோனேர்கன் என்ற அமெரிக்கத் தம்பதியரைக் கடலிலேயே விட்டுவிட்டுப் படகு கரை திரும்பியது. வள்ளத்தில் ஏறியவர்களைச் சரியாக எண்ணவில்லை. அவர்களுடைய பை படகிலேயே கிடந்தும், இருவரைக் காணவில்லை என்று உணர்வதற்கு இரண்டு நாள் ஆயிற்று. உடல்கள் கிடைக்கவேயில்லை. படகின் தலைவர் நீதிமன்றத்தில் விடுதலையானார்; நிறுவனத்துக்கு அபராதம் விதிக்கப்பட்டது. விபத்துக்குக் காரணம் ஆழமுமல்ல, சுறாவுமல்ல, பழுதான கருவியுமல்ல. எண்ணிக்கை. எழுதப்பட்ட பெயர்ப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, புறப்படும்போதும் திரும்பும்போதும் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு ஆளின் முகத்தைப் பார்க்கிறார்களா என்று கவனியுங்கள். தலையை விரலால் எண்ணிக்கொண்டே போனில் பேசுகிறவரின் வள்ளம் எவ்வளவு புதிதாயிருந்தாலும் வேண்டாம்.

கருவிகளைப் பார்க்கத் தெரியாதே என்பார்கள். உண்மைதான்; எனக்கும் அதில் மேலோட்டமான அறிவே உண்டு. ஆனால் செய்தியாளர் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. தெரியாத துறையில் செய்தி சேகரிக்கப் போனால், ஒரே கேள்வியை இருவரிடம் தனித்தனியே கேட்போம். விடைகள் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்போம். இங்கேயும் அதையே செய்யலாம். "வள்ளத்தில் ஒட்சிசன் எங்கே இருக்கிறது?" என்று கடைக்காரரிடம் கேளுங்கள். பிறகு கரைக்குப் போய் வள்ளக்காரத் தம்பியிடம் அதையே கேளுங்கள். இருவரும் ஒரே இடத்தைக் காட்டினால் நல்லது. தம்பி கலத்தின் வால்வைத் திறந்து, முகமூடியை எடுத்து, எப்படி மாட்டுவது என்றும் காட்டினால் அதைவிட நல்லது. "கடைசியாக எப்போது கடல் சரியில்லை என்று திரும்பி வந்தீர்கள்?" என்பது இன்னொரு கேள்வி. இதற்கு எவரும் விடையை ஆயத்தம் செய்து வைத்திருக்க மாட்டார். "போன செவ்வாய்க்கிழமை, ஆறு பேருக்குக் காசைத் திருப்பிக் கொடுத்தோம்" என்ற விடை எனக்குப் பிடிக்கும். "இங்கே அப்படி ஒருநாளும் நடந்ததில்லை" என்ற விடை பிடிக்காது.

காற்றடைக்கும் இயந்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். அது காற்றை உறிஞ்சும் குழாயின் வாய் எங்கே இருக்கிறது, இயந்திரத்தின் புகை எங்கே போகிறது என்று பார்க்க எந்தத் தகுதியும் வேண்டாம். இரண்டும் அருகருகே இருந்தால் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு கலத்துக்குள் புகும். மேற்பரப்பில் தலையிடியாக முடியக்கூடியது ஆழத்தில் மயக்கமாகும். கலத்தின் காற்றைச் சிறிது திறந்து மணந்து பாருங்கள். எண்ணெய் மணம் வந்தால் அந்தக் கலத்தை வேண்டாம் என்று சொல்லுங்கள். கலத்தின் கழுத்தில் சோதனைத் திகதி பொறித்திருக்கும். பயிற்றுநரின் இலக்கத்தைக் கேட்டு வாங்கினால், அவர் சார்ந்த உலக அமைப்பின் தளத்தில் அவருடைய தகுதி இன்னும் செல்லுபடியாகிறதா என்று கைத்தொலைபேசியிலேயே பார்த்துக்கொள்ளலாம். சுவரில் தொங்கும் சட்டமிட்ட சான்றிதழ் போன மாதம் வேலையை விட்டுப் போனவருடையதாகவும் இருக்கலாம். முதன்முறை இறங்குகிறவர்கள் என்றால், ஒரு பயிற்றுநருக்கு நால்வர் என்பது எல்லை. இரண்டு பேர் என்றால்தான் எனக்கு நிம்மதி. பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளையைத் திறந்த கடலுக்குக் கூட்டிப்போகச் சம்மதிக்கிறவரிடம் மேற்கொண்டு எதுவும் கேட்கவேண்டியதில்லை.

நைதரசன் நோய் வந்தால் அமுக்க அறையில் வைத்துச் சிகிச்சை அளிக்கவேண்டும். திருகோணமலையில் கடற்படையினரிடம் அத்தகைய அறை உண்டு. அதற்கு யாரைத் தொடர்புகொள்வது, எந்த வழியாகக் கொண்டுபோவது, அறை இப்போது இயங்குகிறதா என்பதெல்லாம் நிறுவனக்காரருக்கு மனப்பாடமாக இருக்கவேண்டும். சாதாரணப் பயணக் காப்புறுதி பெரும்பாலும் ஸ்கூபாவை விலக்கும், அல்லது ஆழத்துக்கு எல்லை போடும். புறப்படுவதற்கு முன் சிறிய எழுத்துகளை ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

ஊருக்கு வருகிறவர்களின் பயணத் திட்டத்தைப் பார்த்தால் எனக்கு வேறொரு பயம் வரும். மூன்று கிழமை விடுமுறைக்குள் எல்லாவற்றையும் திணித்திருப்பார்கள். காலையில் புறாத்தீவில் சுழியோட்டம், இரவே அளவெட்டிக்குத் திரும்பல், விடிந்ததும் பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம். பலாலி அளவெட்டிக்குப் பக்கத்தில்தானே என்ற எண்ணம். ஆனால் விமானத்தினுள் அமுக்கம் தரையில் உள்ளதைவிடக் குறைவு. உடம்பில் எஞ்சியிருக்கும் நைதரசன் அங்கே குமிழியாகலாம். ஒரே ஒரு தடவை சுழியோடியவர் குறைந்தது 12 மணித்தியாலமும், பல தடவை அல்லது பல நாள் சுழியோடியவர் குறைந்தது 18 மணித்தியாலமும் விமானம் ஏறாதிருக்கவேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட அறிவுரை. முழுதாக ஒரு நாள் விடுவது இன்னும் நல்லது. நுவரெலியாவுக்கும் இது பொருந்தும். ஏறத்தாழ 1,900 மீற்றர் உயரத்துக்கு வானில் ஏறிப்போனாலும், உடம்புக்கு அது விமானம் ஏறிய கணக்குத்தான். "நாளைக்கு எங்கே போகிறீர்கள்?" என்று தானாகக் கேட்கும் பயிற்றுநர் உங்களை வாடிக்கையாளராக மாத்திரம் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். மைத்துனன் கேட்கிற கேள்வி அது.

பருவத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. கிழக்குக் கடல் மே முதல் செப்ரெம்பர் வரை தெளிந்திருக்கும். நல்லூர்க் காலத்தில் வருகிறவர்களுக்கு அது வாய்ப்பாக அமைந்துவிடுகிறது. நத்தார், தைப்பொங்கல் விடுமுறையில் வருகிறவர்கள் நிலாவெளிக்குப் போனால் மழையையும், கரையில் இழுத்துக் கவிழ்த்து வைத்த வள்ளங்களையுமே பார்க்கலாம். அப்போதும் "வாருங்கள், நான் கூட்டிப் போகிறேன்" என்று ஒருவர் சொன்னால் அவருக்குக் காசு அவசரமாகத் தேவைப்படுகிறது என்று பொருள். அந்த மாதங்களில் சுழியோடியே தீரவேண்டும் என்பவர்கள் ஹிக்கடுவைப் பக்கம் போகவேண்டியதுதான். அங்கே நவம்பர் முதல் ஏப்பிரல் வரை பருவம்.